குடிசைப் பகுதியைத் திட்டமிட ட்ரோன் படம் மட்டும் போதுமா?

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

ட்ரோன் ஒரே காலைப்பொழுதில் ஒரு குடியிருப்பு முழுவதையும் படம் பிடித்துவிடுகிறது. கட்டடங்களின் எல்லைக்கோடுகளைக் கணினியே வரைந்துவிடுகிறது. நிலைமை இப்படி இருக்கும்போது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் மாதங்களை மிச்சப்படுத்தி, அலுவலகத்தில் இருந்தபடியே பாதைகளையும் குழாய்களையும் திட்டமிட்டுவிடலாமே. நேரடிக் கணக்கெடுப்பை நீங்கள் இன்னும் வலியுறுத்துவது ஏன்?

பிப்ரவரி 4

மேலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்பதைக் காட்டாது. நெருக்கமான குடியிருப்பில் நீளமான ஒரு தகரக் கூரையின் கீழ் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் சமையலுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, தையல் எந்திரத்துக்கு ஒன்று என மூன்று கூரைகளை வைத்திருக்கும். கணினி முதலாவதை ஒரு வீடு என்றும் இரண்டாவதை மூன்று வீடுகள் என்றும் எண்ணும்.

கூகுள் 2021-இல் ஆப்பிரிக்காவுக்கு வெளியிட்ட கட்டடத் தரவு மிகப் பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. படத்தின் ஒரு புள்ளி தரையில் 50 செ.மீ. காட்டும் அளவுக்குத் தெளிவான செயற்கைக்கோள் படங்களிலிருந்து இயந்திரம் வரைந்த அந்த எல்லைகள் ஒவ்வொன்றுக்கும், அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற மதிப்பெண்ணையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இயந்திரம் தடுமாறும். நமக்குக் கணக்கு மிகவும் தேவைப்படுவதும் அதே இடத்தில்தான்.

தலைக்கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியைப் பாருங்கள். அங்கே பத்து லட்சம் பேர் வாழ்வதாக உலகமெங்கும் எழுதிவந்தார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 1,70,000 என்றது; அந்த எண்ணையும் பலர் ஏற்கவில்லை. கழிப்பறைகள் எத்தனை வேண்டும், குடிநீர்க் குழாயின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், பள்ளிக்கு எத்தனை வகுப்பறை என்ற ஒவ்வொரு முடிவும் இந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையே இத்தனை மடங்கு வேறுபாடு இருந்தால், எந்தப் பொறியாளர் எதை நம்பி வரைவார்?

பிப்ரவரி 4, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஐ.நா.வின் ஹாபிடாட் அமைப்பு ஒரு குடும்பத்தைக் குடிசைப் பகுதிக் குடும்பமாகக் கணக்கிட ஐந்து குறைகளைப் பார்க்கிறது: உறுதியற்ற கட்டடம், போதிய இடமின்மை (மூன்று பேருக்கு மேல் ஓர் அறையைப் பகிர்வது), நல்ல குடிநீர் இல்லாமை, கழிப்பிட வசதி இல்லாமை, குடியிருப்புரிமைக்குப் பாதுகாப்பின்மை. இவற்றில் முதலாவதை மட்டும் வானிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மற்ற நான்கையும் கதவைத் தட்டிக் கேட்டால்தான் அறிய முடியும்.

பிப்ரவரி 6

ட்ரோனை நான் ஒதுக்கச் சொல்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. சுமார் 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு புள்ளிக்கு 3 செ.மீ. அளவில் படம் கிடைக்கிறது. வணிகச் செயற்கைக்கோள்களில் மிகச் சிறந்தவை தருவது 30 செ.மீ. அந்த ட்ரோன் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தரையில் விரித்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு நிமிடத்துக்குள் தம் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார். நீலத் தொட்டி இருக்கும் கூரை, மரத்துக்கு இரண்டு வீடு தள்ளி என்று சொல்லி விரலை வைக்கிறார். வெறும் கோட்டு வரைபடத்தைக் காட்டினால் இது நடப்பதில்லை. எனவே ட்ரோன் படம் உரையாடலுக்கு ஏற்ற அருமையான அடித்தாள். அந்தத் தாளில் எழுதப்படுவது தரையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் என் கருத்து.

பிப்ரவரி 9

"கைபேசியில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அதை வைத்து ஒரே ஆள் எல்லாச் சந்துகளையும் நடந்து பதிவு செய்துவிட முடியாதா?" என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் பல வரைபடங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

திறந்த வெளியில் கைபேசியின் பிழை 3 முதல் 5 மீட்டர். இருபுறமும் தகரச் சுவர் நெருக்கும் சந்தில் அது இன்னும் கூடும். சந்தின் அகலமோ ஒன்றரை மீட்டர்தான். அதாவது நீங்கள் நடந்த கோடு திரையில் பக்கத்துச் சந்தின் மேலேயோ யாருடைய சமையலறையின் மேலேயோ விழும். அதனால் நாங்கள் கைபேசியை இடம் குறிக்கப் பயன்படுத்துவதில்லை. ட்ரோன் படத்தின் மேல் விரலால் தொட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்து, கோபோ போன்ற கணக்கெடுப்புப் படிவச் செயலியில் பதில்களை மட்டும் நிரப்புகிறோம். அகலத்துக்கு டேப் பிடித்து அளக்கிறோம். இரண்டு பேர், ஒரு டேப், ஒரு நோட்டு. சந்தின் வாயில் அளந்தால் போதாது. படிக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கும் இடம், தண்ணீர் டிரம் வைத்திருக்கும் இடம் என மிகக் குறுகலான புள்ளியைத் தேடி அளக்க வேண்டும். பிணத்தைத் தூக்கிக்கொண்டோ பிரசவ வலி வந்த பெண்ணைத் தாங்கிக்கொண்டோ வெளியேறுபவர்களுக்கு அந்தப் புள்ளிதான் பாதையின் அகலம்.

அகலத்தைவிடக் கடினமானது சரிவு. பிரேசிலில் 1980-களில் வளர்ந்த எளிமைப்படுத்தப்பட்ட கழிவுநீர் முறையில், 100 மி.மீ. குழாயை 200-க்கு 1 என்ற மிகக் குறைந்த சரிவில்கூடப் பதிக்கிறார்கள். 60 மீட்டர் நீளமுள்ள சந்துக்கு அது வெறும் 30 செ.மீ. இறக்கம். ட்ரோன் படத்திலிருந்து கிடைக்கும் உயரக் கணக்கில், உயரத்தை முன்பே அளந்து தரையில் குறியிட்ட கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒழுங்காக அமைத்திருந்தாலும் 5 முதல் 10 செ.மீ. வரை பிழை சாதாரணமாக வரும். புள்ளிகளே இல்லாமல் பறந்திருந்தால் பிழை மீட்டர் கணக்கில் போகும். 30 செ.மீ. இறக்கத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இரு முனையிலும் 10 செ.மீ. பிழை இருந்தால், உண்மையான இறக்கம் 10 செ.மீ.யாகவும் இருக்கலாம், 50 செ.மீ.யாகவும் இருக்கலாம்; சாக்கடை ஓடுமா தேங்குமா என்பதே உறுதியில்லாமல் போகிறது. ஆகவே குழாய்த் தடத்துக்கு மட்டுமாவது டம்பி லெவல் என்ற அளவைக் கருவி வைத்து மட்டம் பார்த்தே தீர வேண்டும். கருவி கிடைக்காத இடத்தில் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். நீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி நிறக் குழாய் சில மில்லிமீட்டர் வேறுபாட்டைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. நெருக்கமான சந்துகளில் எதிரெதிர்க் கூரைகளின் இறவாரங்கள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கின்றன. ட்ரோன் படத்தில் அங்கே சந்தே தெரியாது; கணினி அதை ஒரே கட்டடமாகத்தான் பார்க்கும். உயரக் கணக்கிலும் அங்கே பதிவாவது கூரையின் உயரம்தான். மக்கள் தினமும் நடக்கும் வழி வரைபடத்தில் இல்லாமல் போவது இப்படித்தான். நடந்து பார்த்து, அந்தக் கோட்டைக் கையால் வரைந்து சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிப்ரவரி 11

மழைநீர் தேங்குவதைப் பற்றிக் கேட்டவருக்கு: தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 2015-இல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து கட்டடங்களையும் வடிகால்களையும் எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைந்தார்கள். வெள்ளத்துக்குத் தயாராவதே நோக்கம். அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, வெள்ளம் எதுவரை வந்தது என்பதை அங்கே வாழ்பவரிடமே கேட்டுக் குறிப்பது. நானும் கேட்பதுண்டு. "எத்தனை செ.மீ. தண்ணீர் நின்றது?" என்றால் யாருக்கும் தெரியாது. "கணுக்காலா, முழங்காலா, இடுப்பா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். எந்த வீட்டில் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தப் பதிலைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். "எப்படித் திட்டமிட்டாலும் பாதை அமைக்கப் பாதி வீடுகளை இடித்துத்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். டிஜிட்டல் வரைபடம் உண்மையிலேயே புதிதாக ஏதாவது தந்திருக்கிறது என்றால், அது இந்தக் கேள்விக்கான விடைதான்.

ஒரு குடியிருப்பில் எந்தெந்த மனைகள் எந்தப் பாதையையும் தொடாமல் உள்ளே அடைபட்டிருக்கின்றன என்பதைக் கணக்கிட முடியும். தெருவை அடைய எத்தனை மனைகளைத் தாண்ட வேண்டும் என்பதே அளவுகோல். அடைபட்ட மனைகள் அனைத்தையும் ஏதாவது ஒரு பாதை தொடும்படி, ஆனால் புதிய பாதையின் நீளம் மிகக் குறைவாக இருக்கும்படி கோடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். நகரங்களை ஆராயும் லூயிஸ் பெட்டன்கோர்ட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் 2018-இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்து காட்டியது. ஜிம்பாப்வேயின் ஹராரே அருகிலுள்ள எப்வொர்த், கேப் டவுனின் கயலிட்ஷா ஆகிய இடங்களை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலான கோடுகளை மனைகளின் எல்லை வழியாகவே கொண்டுபோக முடிகிறது. சுவரைச் சற்று உள்வாங்கினால் போதுமான இடங்களில் வீட்டையே இடிக்க வேண்டியதில்லை.

கேப் டவுனில் இதைக் கையாலேயே செய்தார்கள். ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட ம்ஷினி வாம் குடியிருப்பில், மக்கள் அமைப்புகளும் மாநகராட்சியும் சேர்ந்து குடில்களை முற்றங்களைச் சுற்றிய சிறு தொகுப்புகளாக மாற்றியமைத்தன. தீயணைப்பு வண்டி நுழைய வழியும், குழாயும் கழிப்பறையும் வைக்க இடமும் கிடைத்தன. மக்கள் அதே நிலத்திலேயே இருந்தார்கள். அந்த மாநகராட்சி 2013-இல் இதைக் கொள்கையாகவே ஏற்றது.

வரைபடத்தை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், விதிமுறை மாறாவிட்டால் பயனில்லை. நகரத் திட்ட விதி 9 மீட்டர் சாலை கேட்டால், 3 மீட்டர் பாதை எவ்வளவு அறிவோடு வரையப்பட்டிருந்தாலும் அனுமதி கிடைக்காது. நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியை 2017-இல் சிறப்புத் திட்டமிடல் பகுதியாக அறிவித்ததன் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. சுமார் 1,00,000 குடும்பங்கள் வாழும் அந்தப் பகுதியில் வழக்கமான சாலை அகலத்தை விதித்தால் பெருந்தொகையானோர் வெளியேற நேரிடும் என்பதை வரைபடத்தில் போட்டுக் காட்டினார்கள். அதனால்தான் குறைந்த அகலங்களைப் பற்றிப் பேசவே முடிந்தது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது, கணக்கீட்டைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்துவிட்டதாகப் பிறர் நினைக்கக்கூடும் என்று தோன்றியது. மிகக் குறைந்த நீளமுள்ள பாதை பெரும்பாலும் முட்டுச்சந்தில் முடியும். தீப்பற்றினால் இரண்டு பக்கமும் வெளியேற வழி வேண்டும். எனவே கணினி தரும் குறைந்தபட்சத்துக்கு மேல், இணைப்புக் கோடுகள் சிலவற்றை மனிதர்கள் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கணினிக்கு எல்லா வீடும் சமம். ஆனால் ஒரு வீட்டின் முன்பக்கம் இரண்டு அடி போனால், அதில் இட்லி விற்றோ பழைய இரும்பு வாங்கியோ பிழைக்கும் குடும்பத்தின் வருமானமே போய்விடும். வேறொரு வீட்டில் அதே இரண்டு அடி பயனற்ற மூலையாக இருக்கும். கோட்டை அரை மீட்டர் தள்ளினால் தீர்ந்துவிடும் இந்த வேறுபாட்டை, அச்சிட்ட தாளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சந்துவாசிகள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் வேறு விடை வரும் என்பதையும் பார்த்திருக்கிறேன். இரவில் எந்த வழியாகக் கழிப்பறைக்குப் போக முடியும் என்பதைப் பெண்கள்தான் வரைந்து காட்டினார்கள்.

பிப்ரவரி 17

"மக்கள் கணக்கெடுப்பால் சலித்துப்போயிருக்கிறார்கள்" என்ற கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நான்கு அமைப்புகள் வந்து நான்கு முறை அதே கேள்விகளைக் கேட்டு, ஒன்றுமே நடக்காமல் போன இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்பது வெட்கமாக இருக்கிறது. திட்டத்தில் எந்தக் கோட்டையும் எந்த எண்ணையும் மாற்றாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதே நான் வைத்திருக்கும் விதி. மதம், சாதி, மாதச் செலவு என நீளும் படிவங்கள் ஆய்வேட்டுக்கு உதவலாம், சாக்கடைக்கு உதவாது. எடுத்த வரைபடத்தின் ஒரு பிரதியை அந்தச் சந்திலேயே ஒட்டிவிட்டு வருவதும் கட்டாயம்.

பிப்ரவரி 21

வரைபடமே ஆபத்தாக மாறுவதைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க முடியாது.

நிலத்துக்கு உரிமை இல்லாதவர்களுக்கு, கண்ணில் படாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. எங்கே எத்தனை பேர், எந்த அரசு நிலத்தில், எப்போது வந்தார்கள் என்று தெளிவாக வரைந்து பொதுவெளியில் வைத்தால், அதே தாளை எடுத்துக்கொண்டு புல்டோசரும் வரலாம். மறுபக்கத்தில், கணக்கில் இல்லாதவர்களின் வீடுகளை இடிப்பது எளிது. மும்பையில் 1985-இல் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த காலத்தில், ஸ்பார்க் அமைப்பு நடைபாதையில் வாழ்ந்த சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அவர்கள் நேற்று வந்து இறங்கிய வழிப்போக்கர்கள் அல்லர், நகரத்தில் உழைத்துப் பல ஆண்டுகளாக வாழ்பவர்கள் என்பதை அந்தக் கணக்குதான் நிறுவியது. ஆகவே வரைய வேண்டுமா கூடாதா என்பதைவிட, வரைந்தது யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

நடைமுறையில் நான் பின்பற்றுவது: பாதை, வடிகால், குடிநீர்க் குழாய், கழிப்பறை, விளக்குக் கம்பம், பள்ளி ஆகியவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். பெயர், குடும்ப உறுப்பினர், வந்த ஆண்டு, உரிமை நிலை ஆகியவை குடியிருப்பின் சங்கத்திடம் மட்டும், தனிக் கோப்பில் இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது வீட்டு எண் மட்டுமே. அலுவலகம் கேட்டால், எதற்காகக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு சங்கமே கொடுக்கட்டும்.

வாடகைதாரர்களை மறக்க வேண்டாம். நைரோபியின் இத்தகைய குடியிருப்புகளில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள்தாம். படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என்ற ஒரே கட்டம் இருந்தால், மேம்பாட்டின் பயன் முழுவதும் வேறு ஊரில் வாழும் ஒருவருக்குப் போய்ச் சேரும். உள்ளே இருப்பவருக்கு வாடகை மட்டும் உயரும்.

பிப்ரவரி 22

உரிமை கிடைத்த இடம் ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு: ஒடிசா 2017-இல் குடிசைவாசிகளுக்கான நில உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ட்ரோன் மூலம் அளந்தார்கள். குடிசைவாசிகள் சங்கங்கள் எல்லைகளையும் பெயர்களையும் சரிபார்த்தன. அந்த உரிமை வாரிசுக்குப் போகும், அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. தொழில்நுட்பம் வேகத்தைத் தந்தது உண்மை. ஆனால் சட்டம் இல்லாமல் அதே ட்ரோன் பறந்திருந்தால் அழகான படங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மார்ச் 2

கணினி இல்லாத காலத்தில் இதெல்லாம் முடிந்ததா என்ற கேள்விக்குக் கராச்சியின் ஒரங்கி குடியிருப்பு நல்ல விடை. சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980-இல் தொடங்கிய ஒரங்கி முன்னோடித் திட்டத்தில், சந்துக்குள் இருக்கும் கழிவுநீர்க் குழாயை மக்கள் தாங்களே செலவு செய்து பதித்தார்கள். பெருங்குழாய் அரசின் பொறுப்பு. கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் உள்ளூர் இளைஞர்களுக்கு அளவைப் பயிற்சி கொடுத்துச் சந்து சந்தாக வரையச் செய்தார். அந்த வரைபடங்கள் காட்டிய செய்தி எளிமையானது: மக்கள் பதித்த குழாய்கள் ஏற்கெனவே இயற்கை ஓடைகளை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே புதிதாக ஒரு பெரிய வலையமைப்பைக் கட்டுவதற்குப் பதிலாக, அந்த ஓடைகளைச் சீரமைத்து மூடினால் போதும் என்று வாதிட முடிந்தது. பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் ஒவ்வொரு குடியிருப்பிலும் முதலில் தேடுவது இதைத்தான்: மக்கள் ஏற்கெனவே கட்டிவைத்திருப்பது என்ன? வெற்றுத்தாளிலிருந்து தொடங்கும் திட்டம் அந்த உழைப்பை எல்லாம் குப்பையாகக் கருதுகிறது.

மார்ச் 5

இனிமேல் வரப்போகும் குடியிருப்புகளுக்கு என்ன வழி என்று முதல் கேள்வியாளரே மீண்டும் எழுதியிருக்கிறார். இங்கே அவர் சொன்ன அலுவலகத் திட்டமிடலுக்கு நியாயமான இடம் உண்டு, ஏனெனில் காலி நிலத்தில் கதவைத் தட்ட வீடுகள் இல்லை. வெள்ளச் சமவெளியையும் செங்குத்துச் சரிவையும் கழித்துவிட்டு, வேலைக்குப் போகப் பேருந்து வசதியுள்ள நிலத்தைத் தேர்ந்தெடுப்பது வரைபட மென்பொருளுக்கு ஏற்ற வேலை. அதில் பாதைக்கும் குழாய்க்கும் உரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிச் சிறு மனைகளாகப் பிரித்துவிட்டால், வீட்டை மக்கள் தங்கள் வசதிப்படி சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்வார்கள். தான்சானியாவில் 1970-களிலும் 80-களிலும் ஏழு நகரங்களில் இப்படி மனைகளைப் பிரித்தார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் கட்டடங்களை அளந்து ஒப்பிட்டபோது, முன்கூட்டியே பிரித்த பகுதிகளில் பெரிய, ஒழுங்கான வீடுகள் எழுந்திருந்தன. வசதியும் படிப்பும் கூடியவர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனை மிக ஏழைகளிடமே நிலைக்கும் என்று வரைபடத்தால் உறுதி கொடுக்க முடியாது.

ஒதுக்கிய பாதையை யாரும் ஆக்கிரமிக்காமல் காப்பதுதான் இதில் பெரும்பாடு. எல்லைக்கல் நடாமல் கணினிக் கோப்பில் மட்டும் இருக்கும் பாதை நிலைக்காது.

மார்ச் 11

கடைசியாக வந்த கேள்வி: வரைபடத்தை யார் புதுப்பிப்பது? இத்தகைய குடியிருப்பு வாரந்தோறும் மாறும். ஓர் அறை கூடும், ஒரு சந்து அடைபடும். ஆண்டுக்கு ஒருமுறை ட்ரோன் பறக்கவிட நிதி வரும் என்று நம்பியிருக்க முடியாது. சங்கத்தில் இளைஞர்கள் இருவருக்கு க்யூ.ஜி.ஐ.எஸ். கற்றுக்கொடுத்துவிடுங்கள், அது இலவச வரைபட மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும். பாதைகளையும் வடிகால்களையும் அவர்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நேரடியாகத் திருத்தட்டும். குடும்பப் பதிவேட்டை மாதம் ஒருமுறை சந்துக் கூட்டத்தில் வாசித்துச் சரிபார்க்கட்டும். அந்த இருவருக்கும் சிறு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள். தன்னார்வம் ஓராண்டுக்குமேல் தாங்காது, வேலை கிடைத்தால் அவர்கள் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். அவர்கள் போவதற்குள் அடுத்த இருவர் கற்றிருக்க வேண்டும். கோப்புகளைத் திறந்த வடிவத்தில் வைத்து, ஒரு பிரதியைச் சங்கத்திலும் இன்னொன்றை நம்பகமான ஒரு கல்லூரியிலும் சேமித்துவைப்பது நல்லது.